எண்ணெய் ஈன்ற கப்பல்

வாஷிங்டனில் இருக்கும் கடற்படைத் துறையின் சரித்திரப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. காலஞ்சென்ற ரியர் அட்மிரல் லூசியஸ் டார்ன்லியின் பெயரை ஒரு பயிற்சிக்கூடத்துக்கு வைக்கப்போகிறார்களாம். பதினோரு வருஷம் அவருடைய ரைட்டராக இருந்தவன் என்ற முறையில், ‘அவரது பணியும் அவர் விட்டுச்சென்றதும்’ என்ற தலைப்பில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மூன்று நகல். இடது ஓரத்தில் ஒன்றேகால் அங்குலம் விட வேண்டும். உணர்ச்சிவசப்பட்ட சொற்களைத் தவிர்க்க வேண்டும்.

தவிர்த்து, ஓரம் விட்டு, மூன்று நகல் எடுத்து அனுப்பிவிட்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதில் இடம் கொள்ளாததை இங்கே எழுதுகிறேன். எனக்கும் வயதாகிவிட்டது, முதுகு வலிக்கிறது, யாரையும் திருத்துகிற உத்தேசம் எதுவும் இல்லை.

டார்ன்லி நாற்பத்திரண்டு வருஷம் கடற்படையில் இருந்தார். அதில் ஒரு நாள்கூடச் சண்டை பார்க்கவில்லை. அது அவர் குற்றமில்லை. ஸ்பெயின்காரனோடு சண்டை வந்தபோது அகாடமியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. ஜெர்மன்காரனோடு சண்டை வந்தபோது புரூக்ளினில் ஒரு கிடங்கில் சோப்பும் பெயின்டும் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கப்பலேறச் சொல்லி உத்தரவு வந்து, பெட்டி கட்டி, ரயில் பிடித்து நார்ஃபோக்கில் இறங்கினால் ஊரெல்லாம் சர்ச் மணி. போர் முடிந்த மணி. பிறகு அறுபத்து நாலு வயது நிறைந்து 1941 டிசம்பர் முதல் தேதி ஓய்வு பெற்றார். அதற்கு ஆறாம் நாள் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. சண்டை அவரைத் தூரத்தில் பார்த்தாலே எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடும் என்று கப்பலில் பேசிக்கொள்வோம்.

அப்படியானால் அத்தனை வருஷம் மனுஷர் என்னதான் செய்தார் என்றால், மிச்சம் பிடித்தார்.

ஜெர்மன் சண்டை முடிந்து அமைதியாக இருந்த அந்தக் காலத்தில் கடற்படைக்கு எண்ணெய் வாங்க யாரும் காசு தருவதாக இல்லை. அதனால் ஒரு போட்டி வைத்தார்கள். வருஷம் முழுக்க எந்தக் கப்பல் மிகக் குறைவாக எண்ணெய் எரிக்கிறதோ, அதன் புகைபோக்கியில் சிவப்புப் பெயின்டில் ஆளுயரத்துக்கு, ‘எஃபிஷியன்ஸி’யின் முதலெழுத்தான இங்கிலீஷ் ‘ஈ’யைப் போட்டுக்கொள்ளலாம். அந்த எழுத்து கிடைத்த கேப்டன் அட்மிரல் ஆவான், அட்மிரல் வாஷிங்டனுக்குப் போவான். அட்மிரல் டார்ன்லி தங்கியிருந்த எங்கள் போர்க்கப்பலுக்கு ஒரு மாநிலத்தின் பெயர்; அந்த மாநிலத்தார் ரோஷக்காரர்கள், அதனால் பெயரைச் சொல்லவில்லை. சான் பெட்ரோ துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்போம். அந்த ஒரு ஈக்காக ஆயிரத்து இருநூறு பேர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதலில் மூன்று பல்புக்கு ஒன்று கழற்றினார்கள். பிறகு மூன்றுக்கு இரண்டு. கீழ்த்தளங்களில் எதிரே வருவது அதிகாரியா சமையல்காரனா என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கப்பலில் மரியாதை வளர்ந்திருக்கிறது என்று அட்மிரல் அறிக்கை எழுதச் சொன்னார், எழுதினேன். அடுத்து சமையல்கட்டுக்குப் போகும் நீராவியைப் பாதியாக்கினார்கள். சனிக்கிழமை காலையில் பீன்ஸ் போடுவது கடற்படையில் ஆதி வழக்கம். பாதி வெந்த பீன்ஸைத் தின்றுவிட்டு ஆயிரத்து இருநூறு பேர் இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர், அதுவும் பச்சைத்தண்ணீர். காபி காலையில் ஒரு தடவை மட்டும். கடற்படைக்காரனிடம் எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம், காபியைப் பிடுங்கக்கூடாது. அன்றைக்குக் கலகம் வராமல் போனதற்கு ஒரே காரணம், கலகம் செய்கிற அளவுக்கு யாருக்கும் உடம்பில் சூடு இல்லை.

ஜனவரியில் பழுது பார்க்க வடக்கே பிரெமர்டனுக்குப் போனோம். அங்கே கப்பலின் இரும்புச் சுவரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட உட்காரும்போதும் ஓவர்கோட்டோடுதான். அட்மிரல் எங்களை மேல்தளத்தில் வரிசையாக நிறுத்திப் பேசினார்.

“குளிர்னு தனியா ஒண்ணு கிடையாது. குளிருங்கறது ஒரு அபிப்பிராயம். அபிப்பிராயம் வச்சுக்கற உரிமை கடற்படையில கேப்டனுக்கு மேல உள்ளவங்களுக்குத்தான் இருக்கு. எனக்கு அந்த உரிமை இருந்தும் நான் அத பயன்படுத்தல, பாருங்க.”

பின் வரிசையில் ஒருவன் தும்மினான். அவன் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவரும் எங்களைப் போலவே பச்சைத்தண்ணீரில்தான் குளித்தார். அதே பாதி வெந்த பீன்ஸ்தான் அவர் தட்டிலும். விரல் நீலம் பாரித்த கையோடு எனக்குக் கடிதம் சொல்வார். மனுஷன் அயோக்கியனாக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாய்லர் அறையின் மேஸ்திரி ஆர்லோ டக்கெட். நெப்ராஸ்காக்காரன். ஒரு வாக்கியம் பேசிவிட்டு, அது போதுமா என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுவான். மனைவி நுரையீரல் நோயில் போய்விட்டாள். மகள் ஓபலுக்கு எட்டு வயது. அவளுக்கும் அதே நோய். டூசான் என்ற பாலைவன ஊரில் ஒரு நோயாளிகள் விடுதியில், நாள் முழுக்க வெயில் படும் தாழ்வாரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். ஜூன் முப்பதாம் தேதி டக்கெட்டுக்குப் பதினாறு வருஷ சேவை முடிகிறது. முடிந்தால் விண்ணப்பம் கொடுத்துக் கரையேறிவிடலாம். அந்த விடுதிக்கு எதிரே இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எழுதிக் கேட்டு வைத்திருந்தான். ஜன்னலைத் திறந்தால் தாழ்வாரம் தெரியுமாம். கோடை தாண்டினால் சொல்வதற்கில்லை, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொன்னான். தானே படித்தால் வேறு மாதிரி அர்த்தம் வந்துவிடுகிறது என்றான்.

வாரத்துக்கு ஒரு தடவை என் அறை வாசலில் வந்து நிற்பான்.

“ரைட்டரே, ஜூன் முப்பது என்ன கிழமை?”

“ஞாயித்துக்கிழமை. போன வாரமும் ஞாயித்துக்கிழமைதான்.”

“ஞாயித்துக்கிழமை ஆபீஸ் இருக்குமா?”

“உனக்காகத் தொறந்து வைக்கறேன், போய் வேலையப் பாருப்பா.”

இனி எண்ணெய் விஷயம். எல்லாக் கப்பலிலும் பாய்லர்காரர்கள் எண்ணெய் ஒளித்து வைப்பார்கள். எரித்ததைவிடக் கொஞ்சம் கூட எழுதி, மிஞ்சியதை அடித்தளத்தில் வரைபடத்தில் ‘காலி’ என்று போட்டிருக்கும் அறைகளில் சேர்த்து வைப்பது. மோசமான மாதம் வந்தால் அதிலிருந்து எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். எங்கள் கப்பலில் டக்கெட்டுக்கு முன்னால் இருந்த மூன்று மேஸ்திரிகள் சேர்த்தது எல்லாமாக முந்நூறு டன்னுக்கு மேல் கிடந்தது. பிரெமர்டனிலிருந்து திரும்புகிற வழியில் டக்கெட் என்னிடம் சொன்னான்.

“எனக்கப்புறம் வர்றவன் தலையில இத கட்டிட்டுப் போக மனசு வரல. தெனம் கொஞ்சமா பெரிய டேங்குல விட்டுடறேன். நான் போறப்ப எல்லாம் சுத்தமா இருக்கணும்.”

நல்ல எண்ணம்தான். வால்வைத் திறந்தான், திறந்த வால்வு மாட்டிக்கொண்டது. மூன்று நாளில் ஒளித்து வைத்த எண்ணெய் அத்தனையும் பெரிய டேங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்படியும் ஒன்றும் ஆகியிருக்காது. டேங்கை அளக்க வேண்டிய இளம் அதிகாரி, வழக்கமாக மேஸ்திரியிடம் “எவ்வளவு போட்டுக்கலாம்?” என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் முறை. ஆனால் அகாடமியிலிருந்து புதிதாக ஃபில்பிரிக் என்று ஒரு பையன் வந்திருந்தான். இருபத்து மூன்று வயது, நேர்மையானவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு டேங்கிலும் தானே நாடாவை இறக்கி அளந்தான். புறப்படும்போதும் அளந்தான், சேர்ந்தபோதும் அளந்தான். ஆயிரத்து நூறு மைல் ஓடி வந்த கப்பலில், புறப்பட்டபோது இருந்ததைவிட ஒன்பது டன் எண்ணெய் கூடுதலாக இருந்தது.

கேப்டன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கூடவா, குறைச்சலா?”

“கூட, சார்.”

“நீ நல்லா அளந்தியா?”

“மூணு தடவ, சார்.”

“அட்மிரல்கிட்ட கொண்டு போ. நான் பார்க்கல.”

கடற்படையில் கீழே இருப்பவன் எதைச் சொன்னாலும் மேலே இருப்பவர் “ஆகட்டும்” என்பார். மழை வருகிறது என்றாலும் ஆகட்டும், கப்பல் மூழ்குகிறது என்றாலும் ஆகட்டும். டார்ன்லி தாளைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

“ஆகட்டும்,” என்றார். “மேல அனுப்பு.”

மேலே போன தாளில் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு வரி சேர்த்து அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளியது. ‘பார்வைக்கு அனுப்பப்படுகிறது.’ ‘ஆர்வத்துடன் பார்வைக்கு அனுப்பப்படுகிறது.’ ‘பாராட்டுதலுடன் அனுப்பப்படுகிறது.’ கப்பல் எண்ணெய் ஈனாது என்று ஒருவராவது எழுதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். முந்தின வருஷம் டார்ன்லியின் புள்ளிவிவரத்தைச் சந்தேகித்த ஒருவர் குவாம் தீவில் தேங்காய்க் கிடங்குக்குப் பொறுப்பாகப் போயிருந்தார். அது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

மார்ச்சில் வாஷிங்டனிலிருந்து கமாண்டர் வின்ஸ்லேட் என்பவர் இரண்டு பெட்டி நிறையப் புத்தகத்தோடு ஆராய வந்தார். எங்கள் கேப்டனுக்கு அவரே விளக்கினார்.

“சிக்கனம் கூடக் கூட செலவு பூஜ்யத்துக்குக் கிட்ட வருது. சரி. பூஜ்யம் வந்ததும் நின்னுடணும்னு சட்டமா போட்டிருக்கு? இத்தனை நாள் நாம பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமே நின்னு பயந்துகிட்டு இருந்தோம்.”

கேப்டன் தலையாட்டினார். பிறகு வின்ஸ்லேட் பாய்லர் அறைக்கு இறங்கி டக்கெட்டிடம் ரகசியத்தைக் கேட்டார்.

“ரகசியம் ஒண்ணுமில்ல சார். வால்வு மாட்டிக்கிச்சு.”

“எந்த வால்வு?”

“அதோ அது.”

வின்ஸ்லேட் படம் வரைந்துகொண்டார். ஏப்ரலில் எல்லாக் கப்பல்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. அந்த வால்வை அதே கோணத்தில் மாட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அதற்கு ‘டக்கெட் நிலை’ என்று பெயர். எந்தக் கப்பலாவது எண்ணெய் ஈனத் தவறினால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எழுத்தில் காரணம் சொல்வதைவிட எண்ணெய் ஈனுவது சுலபம். மே மாதத்துக்குள் கடற்படை முழுக்க ஈன்றது. ஒரு கப்பல் ஐந்து டன், ஒரு கப்பல் பதினொன்று, ஒரு வேகமான கேப்டன் நாற்பது. சிலர் ஒளித்ததை எடுத்துக் காட்டினார்கள், பலர் தாளில் மட்டும் காட்டினார்கள். எண்ணெய் கொண்டுவரும் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. அதன் கேப்டன், தொப்பை விழுந்த மனுஷன், ஒவ்வொரு போர்க்கப்பலாகச் சுற்றிவந்து வாயில் மெகாபோன் வைத்துக் கத்தினான்.

“எண்ணெய் வேணுமா? நல்ல எண்ணெய். யாருக்காவது வேணுமா?”

வேண்டும் என்று சொன்னால் ஈன்றது எங்கே என்று கேள்வி வரும். யாரும் வாங்கவில்லை. தெருவில் மீன் விற்கிறவன் மாதிரி ரெண்டு நாள் கூவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதனால் அந்த வருஷத்துப் போர்ப்பயிற்சி நங்கூரம் போட்டபடியே நடந்தது. பாதிக் கப்பல்களில் டேங்க் நிஜமாகவே காய்ந்துவிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, ‘மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் வடக்கே போகிறேன்’ என்று கொடி ஏற்றினோம். பக்கத்தில் நின்ற கப்பல் எதிரி. அது ‘உன்னைத் துரத்துகிறேன்’ என்று கொடி ஏற்றியது. மத்தியானம் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதாகக் கொடி ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டன. நடுவில் சாப்பாட்டுக்கு விட்டார்கள். சாயங்காலம் டார்ன்லி வெற்றியை அறிவித்தார். கடற்படைச் சரித்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் நடந்த முதல் போர்ப்பயிற்சி இதுவே என்று எனக்குச் சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுத்தது. அந்த இரண்டு பக்கத்தில் இது இருக்கிறது.

ஜூன் முதல் வாரத்தில் டக்கெட்டின் விண்ணப்பத்தை நானே டைப் அடித்து உள்ளே வைத்தேன். ‘சேவையின் தேவையை முன்னிட்டு மறுக்கப்படுகிறது’ என்று வெளியே வந்தது. எண்ணெய் ஈனும் முறையைக் கண்டுபிடித்தவனைக் கரைக்கு அனுப்ப முடியுமா.

டக்கெட் தாளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். “நான் போய் உண்மையச் சொல்லிடறேன்,” என்றான்.

“ஜெயில்ல போடுவாங்கப்பா.”

“எத்தன நாளைக்கு?”

“தெரியல.”

“டூசான்ல ஜெயில் இருக்கா?” என்றான். அவன் தமாஷ் பண்ணினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அட்மிரல் அறையில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். டக்கெட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“சார், அந்த எண்ணெய் தானா வரல. ஒளிச்சு வச்சிருந்தது. நானும் எனக்கு முன்னாடி இருந்தவங்களும்.”

“உட்காரு,” என்றார் டார்ன்லி. என்னைப் பார்த்து, “நீ எழுதாதே,” என்றார்.

பதினாறு வருஷத்தில் ஓர் அட்மிரல் முன்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“நான் லெப்டினன்டா இருந்தப்ப எல்லாம் கரிக் கப்பல், டக்கெட். நாப்பது டன் கரிய கேப்டன் படுக்கைக்குக் கீழயே ஒளிச்சு வச்சிருந்தேன். மனுஷன் ரெண்டு வருஷம் அது மேலதான் தூங்கினார்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தாளப் படிச்ச அன்னிக்கே தெரியும். எனக்கு மேல படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் ஒரு காலத்துல லெப்டினன்டா இருந்தவங்கதானே.”

டார்ன்லி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பாரு. என்னோட படிச்சவன்ல ரெண்டு பேருக்கு மெடல் இருக்கு. ஒருத்தனுக்குக் கால் இல்ல, எங்க போனாலும் அவனுக்கு எழுந்து நிக்கறாங்க. எனக்கு என்ன இருக்கு? புகைபோக்கியில ஒரு எழுத்து. சண்டை வரலன்னா கடற்படை என்ன பண்ணும்? போட்டி வைக்கும். போட்டின்னா ஒருத்தன் ஜெயிக்கணும். ஜெயிச்சவன் பொய் சொன்னான்னு ஆயிட்டா, தோத்தவங்க எல்லாம் சின்னப் பொய் சொன்னவங்கன்னு ஆயிடும். அப்பறம் இந்தக் கடற்படைய நடத்தறது யாரு?”

“எனக்கு மெடலும் வேண்டாம் சார், எழுத்தும் வேண்டாம். ஜூன் முப்பது குடுங்க போதும்.”

“நீ போனா உன் இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் யோக்கியனா இருந்துட்டா நான் என்ன பண்றது?” டார்ன்லி நிஜமாகவே கவலையோடு கேட்டார். “செப்டம்பர்ல ஏழு நாள் லீவு தரேன். பொண்ண பாத்துட்டு வா. என் அன்பச் சொல்லு.”

ஜூலை பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணிக்குத் தந்தி வந்தது. ‘ஓபல் நிலை மோசம். உடனே வரவும்.’ அட்மிரல் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு அங்கேயே லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். டூசான் போகும் ரயில் லாஸ் ஏஞ்சலஸில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. மோட்டார் படகில் இருபது நிமிஷத்தில் கரை. அங்கிருந்து டிராமில் ஒரு மணி நேரம். தாராளமாகப் பிடித்துவிடலாம்.

மோட்டார் படகுகள் மே மாதமே நிறுத்தப்பட்டிருந்தன. எண்ணெய் மிச்சம். கரையிலிருந்து வரும் வாடகைப் படகுகளும் கப்பலை நெருங்கக்கூடாது என்று ஜூனில் ஓர் உத்தரவு. வாடகைப் படகில் போகிறவன் சிக்கனத்தை அவமதிக்கிறான் என்று காரணம் போட்டு நான்தான் டைப் அடித்தேன். டார்ன்லி தன்னுடைய துடுப்புப் படகை இறக்கச் சொன்னார். பன்னிரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். ஏணியடியில் அவரே வந்து நின்று “வேகமா, வேகமா” என்று கத்தினார், கன்னத்தில் நுரை காயாமல். அன்றைக்குக் கரையிலிருந்து காற்று. பசங்கள் கை கொப்புளிக்கக் கொப்புளிக்க இழுத்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டக்கெட் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய்க் கால் மணி ஆகியிருந்தது. அடுத்த ரயில் மறுநாள் அதே நேரம். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அவன் போய்ச் சேருவதற்கு முந்தின சாயங்காலமே ஓபல் போய்விட்டாள்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அட்மிரல் மேல் வைக்கலாம் என்று பார்த்தால், உத்தரவு ஒவ்வொன்றையும் அடித்தது என் விரல்.

ஏழாம் நாள் டக்கெட் திரும்பி வந்தான். லீவு ஏழு நாள்தானே. யாரோடும் பேசாமல் பாய்லர் அறைக்கு இறங்கினான். துறைமுகத்தில் நிற்கும்போது ஒரு பாய்லர்தான் எரியும். அவன் இரண்டாவதைப் பற்றவைத்தான், பிறகு மூன்றாவது. மற்ற ஆட்கள் எதுவும் கேட்காமல் எழுந்துபோய் மிச்சத்தைப் பற்றவைத்தார்கள். மத்தியானத்துக்குள் கப்பலின் எட்டுப் பாய்லர்களும் எரிந்தன. மற்றக் கப்பல்களின் டேங்க் காய்ந்து கிடந்தபோது எங்கள் டேங்கில்தான் நிஜ எண்ணெய் நிறைய இருந்தது; டக்கெட் அத்தனையையும் திறந்துவிட்டான். புகைபோக்கியில் கறுப்பாகப் புகை எழும்பிச் சிவப்பு எழுத்தை மறைத்தது. குழாய்களில் வெந்நீர் வந்தது. யாரோ பல்புகளைத் தேடி எடுத்து மாட்டினார்கள். ஆயிரத்து இருநூறு பேர் வரிசையில் நின்று, வெந்நீரில் நின்று, ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துக்கொண்டு குளித்தார்கள். காபி வந்துகொண்டே இருந்தது. ஒருவரும் சிரிக்கவோ பாடவோ இல்லை, எல்லாருக்கும் ஓபல் விஷயம் தெரியும்.

பக்கத்துக் கப்பலிலிருந்து கொடி ஏறியது: ‘உங்கள் கப்பலில் தீயா?’ டார்ன்லி அந்தப் புகையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று பதில் கொடி ஏற்றச் சொன்னார். பிறகு அன்றைய அறிக்கையோடு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு எரிச்சது எவ்வளவு?”

“எட்டு பாய்லரும் எரியுது சார்.”

“நான் அத கேக்கல.”

“பூஜ்யம் சார்,” என்றேன்.

“ஆகட்டும்.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். “என் குளியலறையில வெந்நீர் வருதா?”

“வருது சார்.”

எரியாத எண்ணெய்க்காக யாரையும் தண்டிக்க முடியாது. அதனால் டக்கெட்டின் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆளைக் கப்பலில் வைத்துக்கொள்ளவும் முடியாது. மறுநாள் காலையிலேயே அவனுடைய பணி விடுவிப்புப் பத்திரம் கையெழுத்தாகி என் மேஜைக்கு வந்தது. மரியாதையோடு விடுவிக்கப்படுகிறான், நன்னடத்தை, பதினாறு வருஷம். ஜூன் முழுக்கக் கெஞ்சிக் கேட்டும் வராத தாள் அது.

டக்கெட் தோளில் பையோடு எதிரே நின்றான். நான் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, உயரம், கண்ணின் நிறம். பதினேழாவது கட்டத்தில் நின்றுவிட்டேன்.

“என்ன?” என்றான்.

“இனிமே குடியிருக்கப்போற அட்ரஸ் கேக்குது. டூசான் வீட்டப் போடட்டுமா?”

“வீட்டுக்காரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“நெப்ராஸ்கா?”

“அங்க யாரு இருக்கா.”

வெளியே படகு காத்திருந்தது. அன்றைக்கு மோட்டார் படகு. அவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

“நீயே ஏதாவது போட்டுக்கோ ரைட்டரே. நீதான் எல்லாத்தையும் போடறியே.”

அவன் போனபிறகு வெகு நேரம் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஊர்ப் பெயர், ஒரு தெருப் பெயர், எதை அடித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முடியவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘பதினேழாம் கட்டம் காலியாக உள்ளது. பூர்த்தி செய்து மீண்டும் அனுப்பவும்.’